அன்றாடம் எந்த மடக்குக்கத்தியை உடன் வைத்துக்கொள்வது? சேரன்மகாதேவித் தம்பி ஒருவருக்கு விரிவான பதில்

சேரன்மகாதேவியில் உரமும் பூச்சிமருந்தும் விதையும் விற்கும் கடை நடத்திக்கொண்டு, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வாழையும் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: தம்மிடம் மூன்று மடக்குக்கத்திகள் இருக்கின்றன. துபாயில் வேலை பார்க்கும் மைத்துனர் கொடுத்த, நான்கு அங்குல அலகும் பூட்டும் உள்ள கனமான கத்தி ஒன்று; மரப்பிடி போட்ட ஒப்பினெல் எட்டாம் எண் ஒன்று; கத்தரியும் திருப்புளியும் சேர்ந்த, மடக்கினால் 91 மில்லிமீட்டர் நீளம் உள்ள சுவிட்சர்லாந்து விக்டோரினாக்ஸ் ஒன்று. இவற்றில் எதைத் தினமும் உடன் வைத்துக்கொள்வது, ஒன்று போதுமா, பூட்டு அவசியமா, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகனுக்கும் ஒன்று வாங்கித் தரலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். விக்டோரினாக்ஸ் உங்கள் உடம்போடு இருக்கட்டும். ஒப்பினெல் சாப்பாட்டுப் பைக்குள் இருக்கட்டும். அது உண்ணும் பொருளைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. கனமான கத்தி தோட்டத்துப் பம்புசெட்டு அறையில் இருக்கட்டும். கடை மேசைக்கென்று அலகை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் சாதாரணக் கட்டர் ஒன்றைத் தனியாக வாங்கிப் போடுங்கள். கத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே எஃகின் பெயரிலும் பூட்டின் வகையிலும் பேச்சு போய் நின்றுவிடுகிறது. ஆனால் அன்றாடக் கத்தியைத் தீர்மானிப்பவை, காலையிலிருந்து இரவு வரை உங்கள் கை எதையெல்லாம் அறுக்கிறது என்பதும், அந்த நாள் உங்களை எந்தெந்த வாசல் வழியாக அழைத்துச் செல்கிறது என்பதும்தான். காலையில் வாழைத்தோட்டம், பகலில் கடை, இடையில் கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகம், வெள்ளிக்கிழமை என்றால் கோயில் என்று ஓடும் ஒரு நாளில், பாதி வழியில் எங்கோ கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டிய கத்தி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அன்றாடக் கத்தி ஆகாது.

ஒன்று போதுமா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் தொழிலைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமானது. பூச்சிமருந்துப் பொட்டலத்தையும் களைக்கொல்லிப் பாக்கெட்டையும் கிழித்த கத்தி, அதன் பிறகு ஒரு மாம்பழத்தையோ கொய்யாவையோ தொடக் கூடாது. துடைத்துவிட்டேன், கழுவிவிட்டேன் என்று சொல்வது மடக்குக்கத்தியின் விஷயத்தில் செல்லாது. அலகு மடங்கி உட்காரும் பள்ளத்திலும், ஆணியைச் சுற்றிய இடுக்கிலும், அடியில் இருக்கும் வில்லின் மேலும் தூளும் பிசுக்கும் தங்கிவிடும். மேலோட்டமாகத் தண்ணீர் ஊற்றினால் அவை கரைந்து இன்னும் உள்ளேதான் போகும். அந்தக் கத்தியால் பழம் நறுக்கி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கத்துத் தோட்டங்களில் சர்வசாதாரணமாக இருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கடைக்குக் கட்டர் வாங்கச் சொன்னதும் இதற்காகத்தான். முனை மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்துப் போட்டுவிடலாம், அலகு முழுவதும் தீர்ந்தால் புதிது மாட்டிக்கொள்ளலாம், அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பழம் நறுக்கப் போவதும் இல்லை. 1956-இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த ஒடிக்கும் அலகு, உங்கள் மேசை வேலையில் எந்த விலையுயர்ந்த மடக்குக்கத்தியையும் விட நன்றாக உழைக்கும். அட்டைப்பெட்டி, நெகிழிக்கட்டு, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் அதற்கே உரியவை. குழாயைச் சாய்வாக அறுத்தால் இணைப்பில் தண்ணீர் கசியும் என்பதால், பலகையின் மேல் வைத்து நேராக அழுத்தி அறுப்பதற்கும் அதுவே வசதி. உர மூட்டையை மட்டும் கத்தியால் திறக்காதீர்கள். மூட்டையின் வாயில் போட்டிருப்பது சங்கிலித் தையல்; சரியான முனையில் நூலை எடுத்து இழுத்தால் ஒரே இழுப்பில் முழுத் தையலும் உருவிக்கொண்டு வந்துவிடும், சாக்கும் கிழியாமல் மறுபடி பயன்படும்.

தோட்டத்துக்கும் ஒரு சொல். வாழையில் வாடல் நோய் கண்ட திட்டில் வேலை செய்த கத்தியோ அரிவாளோ மண்ணோடு அப்படியே அடுத்த திட்டுக்குப் போகக் கூடாது, ஏனென்றால் அந்தப் பூஞ்சாணம் மண்ணில் இருந்துகொண்டு, கருவியில் ஒட்டிய சேற்றோடும் பயணம் செய்யக்கூடியது. பக்கக்கன்று எடுப்பதும் தார் வெட்டுவதும் அரிவாளின் வேலை என்பதால் மடக்குக்கத்திக்கு அங்கே பெரிய பங்கு இல்லை. கயிறு அறுப்பது, மதியச் சாப்பாட்டுக்கு ஓர் இலை நறுக்கி எடுப்பது, காய்ந்த மட்டையிலிருந்து நார் கிழிப்பது ஆகியவைதான் அதற்கு வரும்.

அறுக்கும் திறனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எஃகைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் அலகின் கனத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். உங்கள் ஒப்பினெல்லின் அலகு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனம் உடையது. துபாய்க் கத்தியின் முதுகைப் பாருங்கள், அது போன்றவை பெரும்பாலும் மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் இருக்கும். இரண்டையும் ஒரே அளவு தீட்டி வைத்துக்கொண்டு ஒரு பச்சை மாங்காயை நறுக்கிப் பாருங்கள். மெல்லியது நேராக இறங்கும். கனமானது பாதி வழியில் ஆப்பு அடித்தாற்போல் காயைப் பிளந்து, துண்டைத் தெறிக்க விடும். வாய் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதற்குப் பின்னால் வரும் தடிமன் வழிவிடாது. இந்த அறிவு நம் மண்ணுக்குப் புதியது இல்லை. பனையேறிகள் அருவாப்பெட்டியில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறும் பாளை அரிவாளைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரியும். பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் மிக மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். வாய் மழுங்கியிருந்தால் பாளை நசுங்கும், நசுங்கிய பாளை ஒழுங்காகச் சுரக்காது. அதனால்தான் அதன் வாயை அவ்வளவு மெலிதாக வைத்து, அவ்வளவு பொறுமையாகத் தீட்டுகிறார்கள். எதையும் பிளக்காமல், நெம்பாமல், அறுக்க மட்டுமே செய்யும் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த வட்டாரத்தில் அதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியாது.

எஃகுக்கு வருவோம். ஒப்பினெல் இரண்டு வகையில் வருகிறது: கரிம எஃகு ஒன்று, துருப்பிடிக்காத எஃகு மற்றொன்று. உங்களுடையது எது என்று நீங்கள் எழுதவில்லை. அலகின் மேல் பொறிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். கரிம எஃகானால், வாழை இலையின் காம்பை நறுக்கிய சிறிது நேரத்தில் அலகில் கருநீலக் கறை படரும். வாழைக்கறையில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினையால்தான். அந்தக் கருமை கேடு இல்லை. நாளடைவில் சீராகப் படிந்து, செந்துரு பிடிப்பதை ஓரளவு தடுக்கவும் செய்யும். எலுமிச்சைதான் வேறு. புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சை ஒன்றை அரிந்துவிட்டு அப்படியே மடக்கி வைத்தால், மறுநாள் வாயோரத்தில் பொடிப்பொடியாக அரிப்பு தெரியும். கூர்மையும் அத்தனையும் அந்த ஓரத்தில்தானே இருக்கிறது. ஆகவே கரிம எஃகு வைத்திருப்பவர் புளிப்பை நறுக்கியவுடன் கழுவித் துடைத்தே ஆக வேண்டும், அதற்குப் பொறுமை இல்லாதவர் துருப்பிடிக்காத வகையை வாங்குவது நல்லது. விக்டோரினாக்ஸின் அலகு துருப்பிடிக்காத எஃகு. எஃகின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 55, 56 என்ற மிதமான கடினத்தில் பதம் செய்யப்பட்டது. கூர்மை நெடுநாள் நிற்காது என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. ஆனால் அடுக்களையில் கிடக்கும் சாதாரணக் கல்லில் சில தேய்ப்புகளில் கூர் திரும்பிவிடும் என்பதை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். வனேடியம் என்ற உலோகம் மிகுந்த, தூளை இறுக்கிச் செய்யும் புது வகை எஃகுகள் நெடுநாள் மழுங்காமல் நிற்கும் என்பது உண்மையே. மழுங்கிய பிறகு அவற்றைத் தீட்ட வைரத்தூள் பதித்த கல் வேண்டும், ஏனென்றால் அவற்றுக்குள் இருக்கும் வனேடியம் கார்பைடு நம் கடைகளில் விற்கும் கார்பொரண்டம் கல்லை விடக் கடினமானது. உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்க்காரர் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் கரிம எஃகே வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். உப்புக்காற்றின் முன் எண்ணெய்ப் பூச்சு நெடுநேரம் நிற்பதில்லை.

ஒப்பினெல்லின் மரப்பிடியிலும் ஒரு குணம் உண்டு. 1890-இல் பிரான்சின் சவோய் மலைநாட்டில் உழவர்களுக்காகச் செய்யத் தொடங்கிய கத்தி அது; பீச் மரப்பிடி, பிடியின் முனையில் பதித்த உலோகப் பூண், மடக்கும் ஆணி, ஓர் அலகு, அலகைப் பூட்டுவதற்காக 1955-இல் சேர்த்த சுழல் வளையம் ஆகியவற்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஐப்பசி அடைமழையில் அந்த மரம் ஈரம் குடித்து வீங்கி, அலகை விரலால் வெளியே எடுக்க முடியாதபடி இறுகிக்கொள்ளும். குற்றாலத்துச் சாரலில் நனைந்தாலும் அப்படித்தான். பயந்துபோய் ஆணியைத் தட்ட வேண்டாம். நிழலில் உலரவிட்டால் தானே தளரும், உலர்ந்த பின் ஆணிப்பக்கத்து மரத்தில் சிறிது மெழுகு தேய்த்து வைத்தால் அடுத்த மழைக்குத் தாங்கும். வெயிலில் மட்டும் போடாதீர்கள், பிடி வெடிக்கும்.

பூட்டு அவசியமா என்றால், நீங்கள் செய்யும் வேலைக்குப் பெரும்பாலும் இல்லை. அறுக்கும்போது விசை எப்போதும் அலகைத் திறக்கும் திசையிலேயே விழுகிறது. முனையால் குத்தும்போதும், துளையிட்டுத் திருகும்போதும், ஆழமாக மாட்டிக்கொண்ட அலகைப் பிடுங்கும்போதும்தான் அது மடங்கி விரல்மேல் விழும். பூட்டில்லாத கத்தியைப் பயன்படுத்துகிறவர் இந்த மூன்றையும் தவிர்க்கக் கற்றுக்கொள்வார். பூட்டை நம்பிப் பழகியவரோ, பூட்டு நழுவும் நாளில் எச்சரிக்கை இல்லாமல் மாட்டிக்கொள்வார். பிடிக்குள் தகடு ஒன்று பக்கவாட்டில் வந்து முட்டிக்கொள்ளும் பூட்டில், வாழைத்தோட்டத்து வண்டலோ தேரிக்காட்டுச் செம்மணலோ புகுந்தால் தகடு முழுமையாக வந்து உட்காராது. அலகு திறந்ததும் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். ஒப்பினெல்லின் வளையத்தில் மறைவிடமே இல்லாததால் ஊதிவிட்டாலே போதும். பழம் நறுக்கும் பிள்ளைகளின் விரலுக்கும் அதுவே பாதுகாப்பு.

விக்டோரினாக்ஸை நான் முன்னே வைப்பதற்கு அதன் அலகை விட அதன் கத்தரிதான் காரணம். உங்கள் ஊரிலும் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்கள், அச்சுத் தகட்டை இலையின் மேல் வைத்து நாள் முழுவதும் கத்தரியால்தான் நறுக்குகிறார்கள். மெல்லிய, துவளும் பொருளைத் துல்லியமாக நறுக்கக் கத்தரியை மிஞ்சியது இல்லை. நூல், விதைப் பாக்கெட்டின் மூலை, நகம், மருந்துக்கட்டுத் துணி, சட்டையில் தொங்கும் இழை என்று ஒரு மனிதர் நாள் முழுவதும் எதிர்கொள்ளும் சிறு வேலைகளில் பெரும்பகுதி கத்தரிக்கு உரியவை. அதைவிட, நால்வர் நடுவில் கத்தரியை எடுத்தால் யாருக்கும் முகம் மாறாது. சுவிட்சர்லாந்து இராணுவம் 1891-இல் தன் வீரர்களுக்கு வழங்கத் தொடங்கிய கத்தியிலும் அலகோடு திருப்புளியும் டப்பா திறப்பானும் சேர்ந்தே இருந்தன. பல கருவிகளை ஒன்றாய்ச் சேர்த்துச் சுமக்கும் எண்ணம் நம்மிடமும் இருந்திருக்கிறது, ஓலைச்சுவடி எழுதியவர்கள் ஒரு முனையில் எழுத்தாணியும் மறுமுனையில் ஓலை வாரும் கத்தியுமாக மடக்கெழுத்தாணி வைத்திருந்தார்கள். குற்றாலச் சீசன் காலத்துத் தெருக்கடைகளில் சிவப்புப் பிடியும் சிலுவைச் சின்னமும் போட்டுப் போலிகள் நிறைய விற்கின்றன என்பதால், உங்களுடையதன் பெரிய அலகின் அடிப்பகுதியில் நிறுவனத்தின் பெயரும் நாட்டின் பெயரும் பொறித்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் யோசிக்க வேண்டும். மேல்நாட்டுக் கத்திகளில் இருக்கும் கொக்கி பேன்ட் பையின் விளிம்புக்காகச் செய்யப்பட்டது. நீங்களோ பெரும்பாலும் வேட்டி உடுத்துகிறவர். சட்டைப் பையில் 80 கிராமுக்கு மேல் எடையுள்ள கத்தியைப் போட்டால் குனியும்போதெல்லாம் அது கால்வாயை நோக்கிப் பாயும். வேட்டி மடிப்பில் செருகுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்: நழுவும், அதோடு இடுப்பில் கத்தி செருகிய ஆளாகவும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவீர்கள். உள்ளே போடும் டவுசரின் பையில், கத்தியின் முனையில் இருக்கும் வளையத்தில் ஒரு சிறு கயிறு கட்டிச் சாவிக்கொத்தோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் கனமாகத் தோன்றினால், இதே நிறுவனத்தின் 58 மில்லிமீட்டர் சிறு கத்தி சுமார் 21 கிராம்தான், கத்தரியும் உண்டு. அதுவே போதும் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

இனிச் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின் பட்டியலில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் ஆனவை நீங்கலாக, ஆயுதமாக வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. உங்கள் மூன்று கத்திகளும் அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனால் அளவு மட்டும் காப்பாற்றாது. கலவரச் சூழலில் ஆயுதம் எடுத்துச் செல்லத் தடை உத்தரவு போடப்படும் நாட்களும் உண்டு, அரிவாளின் பெயரால் எத்தனையோ குடும்பங்கள் அழிந்த மாவட்டத்தில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் காவலர் நான்கு அங்குலப் பூட்டுக்கத்தியைப் பார்த்தால் கேள்வி கேட்பது நியாயமே. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியை எக்காரணத்துக்கும் வாங்காதீர்கள். பாளையங்கோட்டை நீதிமன்றம், கலெக்டர் அலுவலகம், நெல்லையப்பர் கோயில் ஆகியவற்றுக்குப் போகும் நாளில் விக்டோரினாக்ஸையும் கடையிலேயே வைத்துவிடுங்கள். வாகைக்குளத்தில் விமானம் ஏறுவதானால் கைப்பையில் கூடாது, ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைக்கலாம். பலருக்கும் தெரியாத ஒன்று காட்டைப் பற்றியது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் கத்தியும் அடங்கும். எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்பது அதன் 31-ஆம் பிரிவு. களக்காடும் முண்டந்துறையும் சரணாலயங்கள் என்பதால், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகும்போது பழம் நறுக்கத்தானே என்று ஒப்பினெல்லைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பழத்தை வீட்டிலேயே நறுக்கி எடுத்துப் போங்கள்.

தீட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாணை பிடிக்க வருகிறவரின் சுழலும் கல்லில் மெல்லிய மடக்குக்கத்தியைக் கொடுக்காதீர்கள். வாயோரம் நீலம் பாய்ந்தால் சூடு சுமார் 300 பாகை செல்சியஸை எட்டியிருக்கிறது என்று பொருள். கரிம எஃகில் அந்த இடத்தின் பதம் போய்விடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. சொரசொரப்பு எண் ஆயிரம் என்று போட்டிருக்கும் கல் ஒன்றில் தண்ணீர் விட்டு, பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைச் சாய்வில் நிதானமாகத் தேய்த்தால் போதும். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகிடாமல் விட்டிருக்கும் வளையத்தில் சில முறை இழுக்கலாம். எண்ணெய்க்கு நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகி ஆணியைப் பிடித்துக்கொள்ளும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு விடுங்கள், உணவோடு படுவதற்கும் பயமில்லை. ஆயுத பூஜைக்குக் கத்தியில் சந்தனமும் குங்குமமும் வைப்பீர்கள், வைக்கத்தான் வேண்டும். மறுநாள் பூஜை பிரித்தவுடன் ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள், ஈரச் சந்தனத்தின் அடியில் கரிம எஃகு குழி விழும்.

மகனுக்கு வாங்கித் தரலாமா என்றால், தரலாம். ஆனால் அது அவனுடைய கத்தியாக இல்லாமல் தோட்டத்துக் கத்தியாக இருக்கட்டும். ஒப்பினெல்லிலேயே முனை மழுக்கிய ஏழாம் எண் சிறுவர்களுக்கென்று வருகிறது, வளையப் பூட்டும் உண்டு. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நுங்கின் தோலை உரிக்கட்டும், பனங்கிழங்கைச் சீவட்டும், அறுக்கும்போது விரலை எங்கே வைப்பது, அடுத்தவரிடம் கொடுக்கும்முன் மடக்குவது எப்படி என்று கற்கட்டும். பள்ளிக்கூடப் பைக்குள் மட்டும் அது ஒருநாளும் போகக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவனுடைய தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பென்சில் சீவத்தான் கொண்டுவந்தேன் என்று உங்கள் மகன் சொன்னாலும், அந்தப் பையில் கத்தியைப் பார்க்கும் ஆசிரியருக்கும் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்கும் அச்சம்தான் வரும். ஆகவே வேலை முடிந்ததும் அவன் கையாலேயே கழுவித் துடைத்து, உங்கள் ஒப்பினெல்லோடு சேர்த்துச் சாப்பாட்டுப் பைக்குள் போடச் சொல்லுங்கள். அந்தப் பை உங்களோடு வீட்டுக்கு வரட்டும். பம்புசெட்டு அறையில் கனமான கத்தி இருக்கும் பெட்டிக்கு மட்டும் ஒரு பூட்டுப் போட்டுச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.